பிழை யாருடையது?

நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் அரிவாள்மணையைச் சற்று நினைத்துப் பாருங்கள். மணையைக் காலால் அழுத்திக்கொள்கிறோம்; அலகு நம்மை நோக்கி நிற்கிறது; இரு கைகளும் காயைப் பற்றிக்கொள்ள விடுதலை பெற்றிருக்கின்றன. அதை எவ்வாறு பயன்படுத்துவது என்று யாரும் நூல் எழுதி வைக்கவில்லை. அதன் உருவமே அதற்கு உரையாசிரியர். தரையில் அமர்ந்து வேலை செய்பவரின் உடலையும் இருக்கையையும் கையையும் நன்கறிந்த ஒருவர்தாம் அதை ஆக்கியிருக்க வேண்டும். ஆனால் அதே அரிவாள்மணையை இக்காலத்து உயர்ந்த சமையல் மேடைமீது ஏற்றி வையுங்கள். நின்றுகொண்டு அதில் ஒரு வெண்டைக்காயைக்கூட ஒழுங்காக நறுக்க இயலாது. அரிவாள்மணை மாறவில்லை, நறுக்குவோரின் நிலை மாறிவிட்டது. ஆகவே ஒரு கருவி தன்னளவில் நல்லதென்றோ தீயதென்றோ சொல்வதற்கில்லை. யாருக்கு, எவ்விடத்தில், எந்த வேலைக்கு என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னரே அதன் நலத்தைப் பற்றிப் பேச முடியும்.

1958-ஆம் ஆண்டில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர், இந்திய அரசின் அழைப்பின்பேரில் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். அவர்கள் கண்ட பொருள்களுள் மிக அழகியது எதுவென்று எண்ணுகிறீர்கள்? அன்றாடம் தண்ணீர் மொள்ளும் சாதாரணச் செம்பு! அதை எப்படித் தூக்குவது, எப்படிச் சாய்ப்பது, எப்படித் துலக்குவது, நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் அதன் எடை எவ்வாறு நிற்கும் என்றெல்லாம் அவர்கள் வினாக்களை அடுக்கினர். அந்த அறிக்கையின் பயனாகவே 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றிற்று. செம்பைப் பற்றி அன்று கேட்ட கேள்விகளை, இன்று கைபேசித் திரையைப் பற்றிக் கேட்பதே என் தொழில். ‘பயனர் அனுபவ வடிவமைப்பு’ என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் நீளமாக இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம், பொருள் எளியது. கருவியைக் கையாளும் மனிதர் என்ன எண்ணுகிறார், எங்கே தயங்குகிறார், எங்கே இடறுகிறார் என்பதை ஆராய்ந்து, அதற்கேற்பக் கருவியைத் திருத்துவதுதான் அது. நான் வாழும் புனே நகரில், ஹிஞ்ஜவாடி முதலிய இடங்களில் உள்ள கணினி நிறுவனங்களில் இத்தொழிலைச் செய்வோர் பலர்.

செம்புக்கு எடை உண்டு. அரிவாள்மணைக்கு அலகு உண்டு. கண்ணாடித் திரைக்கோ கைப்பிடியும் இல்லை, விளிம்பும் இல்லை. எல்லாம் வெறும் சித்திரங்கள். எதைத் தொட்டால் என்ன நிகழும் என்பதைத் திரையை வரைந்தவர் சொன்னாலன்றிப் பார்ப்பவர் அறிய வழியில்லை. அவர் சொல்லத் தவறினால் பயன்படுத்துவோர் இடறுகிறார். இடறியவர் உடனே என்ன சொல்லிக்கொள்கிறார்? “எனக்குத் தெரியவில்லை, எனக்கு வயதாகிவிட்டது, எனக்குப் படிப்பில்லை” என்று தம்மையே நொந்துகொள்கிறார். இந்தத் தன்னிரக்கம் நியாயமானதுதானா? இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி.

இக்கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் கணினிக்காரர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் பி-17 முதலிய குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விந்தையான விபத்து திரும்பத் திரும்ப நேர்ந்தது. விமானம் நலமாகத் தரையிறங்கிவிடும். அதன் பின்னர், இறக்கையின் மடிப்புகளை உள்ளிழுக்க வேண்டிய விமானி, தவறிப்போய்ச் சக்கரங்களை உள்ளிழுத்துவிடுவார். விமானம் வயிறு தரையில் மோத விழும். ‘விமானியின் பிழை’ என்று அதிகாரிகள் குறித்துக்கொண்டனர். அல்போன்ஸ் சபானிஸ் என்னும் இளம் உளவியலாளர், விமானியின் இருக்கைக்கே சென்று பார்த்தார். மடிப்புக்குரிய கைப்பிடியும் சக்கரத்துக்குரிய கைப்பிடியும் ஒரே வடிவத்தில் அருகருகே இருந்தன! களைத்துப்போன மனிதர் இருளில் கையை நீட்டினால் எதைப் பற்றுவார்? ஒன்றின் நுனியில் சிறு சக்கர வடிவத்தையும், மற்றொன்றின் நுனியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்துமாறு அவர் கூறினார். கை தானே வேறுபாட்டை உணர்ந்தது. அவ்வகைப் பிழை அகன்றது. பின்னர் 1947-இல் பால் பிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் என்னும் இருவர், விமானிகள் கூறிய 460 அனுபவங்களைத் திரட்டி ஆராய்ந்தனர். விமானியின் பிழை என்று எழுதப்பட்டவற்றுள் மிகப் பல, கருவியை அமைத்தவர்களின் பிழைகளே என்பது அதனால் தெளிவாயிற்று. இக்கருத்தை அன்றாடப் பொருள்களுக்கு விரித்து 1988-இல் நூல் எழுதிய டொனால்டு நார்மன் என்பவரே, 1990-களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றியபோது ‘பயனர் அனுபவம்’ என்னும் தொடரைத் தொழிற்பெயராக வழங்கச் செய்தார்.

இனி நம் நாட்டுக்கு, நம் மொழிக்கு வருவோம். 1988-இல் புனேயில் ‘சி-டாக்’ என்னும் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையம் தொடங்கப்பெற்றது. 1991-இல் ‘பரம்’ என்னும் மீக்கணினியை உருவாக்கியதால் அதன் பெயர் எங்கும் பரவியது. ஆனால் அதே மையம் செய்த மற்றொரு பணியைப் பலர் அறியார். இந்திய எழுத்துகளைக் கணினித் திரையில் காட்டும் ஆராய்ச்சி, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980-களின் முற்பகுதியில் நடைபெற்று வந்தது. அது புனேக்கு வந்து, ‘ஜிஸ்ட்’ என்னும் பெயரால் வளர்ந்தது. கணினிக்குள் ஓர் அட்டையைச் செருகினால் போதும். தேவநாகரி, தமிழ், தெலுங்கு, வங்காளி முதலிய எழுத்துகள் திரையில் தோன்றும். ஆங்கிலம் அறியாதார்க்குக் கணினியின் கதவைத் திறந்துவிட்ட முயற்சிகளுள் இது முதன்மையானது என்பதில் ஐயமில்லை.

எழுத்தைக் காட்டினால் போதுமா? எழுத வேண்டாமா? அதற்கென்று ‘இன்ஸ்கிரிப்ட்’ என்னும் விசைப்பலகையை அரசினர் தரப்படுத்தினர். 1991-ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணயத்திலும் அது இடம்பெற்றது. அதன் அடிப்படைக் கருத்து மிக உயர்ந்தது. இந்திய மொழிகளின் எழுத்து வரிசைகள் எல்லாம் ஒலிமுறையால் உறவுடையவை. ஆகவே உயிர்களை இடக்கைக்கும், மெய்களை வலக்கைக்கும் பகிர்ந்து, எல்லா மொழிகளிலும் ‘க’ ஒரே விசையில், ‘ம’ ஒரே விசையில் இருக்குமாறு வைத்துவிட்டனர். மராத்தியைத் தட்டச்சுச் செய்யப் பழகிய புனேவாசி ஒருவர், தமிழ் எழுத்துகளை அறிந்தால், அதே விரல்களால் தமிழையும் எழுதலாம். பல மொழிகள் வழங்கும் நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

எனினும் இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். தேவநாகரியில் க-வருக்கத்துக்கு நான்கு வல்லொலிகள், தமிழில் ஒன்றே. தமிழில் தனி எழுத்தில்லாத மென்குரல் ககர, டகர, தகர, பகர ஒலிகளுக்குரிய நான்கு விசைகள், தமிழுக்கு மாறும்போது வெறுமையாகிவிடுகின்றன. அவை விரலுக்கு எளிதில் எட்டும் விசைகள். மறுபுறம் தமிழின் ழகரமும் றகரமும் னகரமும், அவற்றோடு ளகரமும் ணகரமும் ஙகரமும் ஞகரமும் ஷிப்ட் விசையை அழுத்தினால்தான் கிடைக்கும். பதினெட்டு மெய்களில் ஏழு மாடியில் குடியிருக்க, கீழ்த்தளத்தில் நான்கு அறைகள் காலியாகக் கிடக்கின்றன! ‘அவன்’ என்று எழுதுங்கள். ‘அவள்’ என்று எழுதுங்கள். நம் மொழியில் னகரமும் ளகரமும் வராத வாக்கியம் அரிது. ஒவ்வொரு முறையும் சிறுவிரல் ஷிப்ட் விசையை நாட வேண்டும். ஒரு தடவை என்றால் அது பொருட்டன்று. நாள் முழுதும் தட்டச்சுச் செய்யும் எழுத்தருக்கு அது மணிக்கட்டின் வலி. இதே அச்சு இன்றைய யூனிகோடு அட்டவணையிலும் பதிந்திருக்கிறது. அங்கே ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று வெற்றிடங்கள் உள்ளதைக் காணலாம்.

1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை உருவாயிற்று. அதில் பன்னிரண்டு உயிர்களும் பதினெட்டு மெய்களும் ஆய்தமும் ஷிப்ட் விசையின் துணையின்றியே கிடைக்கின்றன. அதைவிடச் சிறப்பான கூறு ஒன்று உண்டு. தமிழில் ஒரு மெய்யெழுத்து இரட்டித்தால் முதல் எழுத்து புள்ளி பெறும் என்பதும், ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ஙகரம் புள்ளி பெறும் என்பதும் நாம் அறிந்த இயல்புகள். அந்த இயல்பைப் பலகைக்கே கற்பித்துவிட்டனர். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டுகள் போதும். புள்ளி தானாகவே வந்து அமரும். எழுதுவோரின் மொழியறிவைக் கருவி மதித்து நடந்துகொள்கிறது. பின்னர் 2013-இல் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்புத் துறையினர், ‘ஸ்வரசக்கரம்’ என்னும் கைபேசி விசைப்பலகையை வெளியிட்டனர். மெய்யைத் தொட்டால் அதன் உயிர்மெய்கள் சக்கரமாக விரல் நுனியைச் சுற்றி மலரும். அரிச்சுவடி வாய்ப்பாட்டை மறவாத எவரும், தட்டச்சுப் பள்ளிக்குச் செல்லாமலே அதைக் கையாளலாம்.

இவற்றுள் எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பல மொழிகளில் எழுத வேண்டிய நடுவணரசு அலுவலருக்கு முதலாவது உதவலாம். தமிழ் ஒன்றையே நாள் முழுதும் எழுதுபவருக்கு இரண்டாவது உதவலாம். எப்போதாவது நான்கு வரி எழுதும் பாட்டிக்கு மூன்றாவது உதவலாம். யாருக்கு, எவ்விடத்தில், எந்த வேலைக்கு என்ற அந்த மூன்று கேள்விகளே மீண்டும் நம்முன் நிற்கின்றன.

புனேயில் வாழும் தமிழர் அனைவரும் அறிந்த மற்றொரு சிறு துன்பத்தைச் சொல்கிறேன். இந்நாட்டு வழக்கப்படி மராத்தியர் தம் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என மூன்று சொற்களால் தம்மைக் குறிப்பர். நாமோ தந்தையின் பெயருக்கு ஓரெழுத்தை முன்னிட்டு, நம் பெயரை எழுதி முடித்துவிடுகிறோம். திரையில் ஒரு படிவம் வருகிறது. ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு பெட்டி. அதை நிரப்பாமல் மேலே செல்ல இயலாது. ஓர் எழுத்தை இட்டால், “சரியான பெயரை எழுதுக” என்று சிவப்பு நிறத்தில் கடிந்துகொள்கிறது! என்ன செய்வது? ஒரு படிவத்தில் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதுகிறோம். மற்றொன்றில் நம் பெயரையே இருமுறை எழுதுகிறோம். வேறொன்றில் ஊர்ப்பெயரை எழுதுகிறோம். சில ஆண்டுகள் கழித்து, “இம்மூவரும் ஒருவரே என்பதற்குச் சான்று எங்கே?” என்று கேட்கிறார்கள். திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்களின் பாடு இன்னும் கடினம். பெட்டி சிறியதுதான். ஆனால் அதை வரைந்தவர், மனிதர் எல்லாருக்கும் தம் வீட்டாரைப் போலவே பெயர் இருக்கும் என்று எண்ணிவிட்டார். அவருக்குத் தீய நோக்கம் ஏதும் இல்லை. ஒரு தமிழரை, ஒரு நாகரை, ஒற்றைப் பெயருடைய ஓர் ஏழைத் தொழிலாளியை அவர் போய்ப் பார்க்கவில்லை. அவ்வளவே.

பிறர் குற்றத்தை இவ்வளவு கூறிய நான், என் குற்றத்தையும் கூற வேண்டும் அன்றோ? தொழிலில் புகுந்த புதிதில், ஒரு நிறுவனத்துக்காகப் பணம் அனுப்பும் செயலியின் திரைகளை வரையும் குழுவில் இருந்தேன். 2016-இல் யு.பி.ஐ. என்னும் முறை நடைமுறைக்கு வந்தபின், கைபேசியால் பணம் அனுப்புவது பெருகத் தொடங்கியிருந்த காலம். திரைகளை வரைந்து, வழக்கம்போல் சோதனையும் செய்தோம். ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர், ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று எழுதியிருக்கிறார். நாங்களும் ஐந்து பேரைப் பிடித்தோம். ஐவரும் எங்கள் அலுவலகத்தின் அடுத்த மாடியில் இருந்தவர்கள்! எல்லாரும் இமைப்பொழுதில் பணம் அனுப்பிக் காட்டினர். செயலி வெளிவந்த பின்னர், பலர் ஒரே தொகையை இருமுறை அனுப்பிவிட்டதாகக் குறைகள் வந்தன. காரணம் எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். “பயன்படுத்துவோருக்குப் பயிற்சி போதாது” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். விமானியின் பிழை என்று எழுதிய அதிகாரிகளை நான் அப்போது படித்திருந்தேன். ஆனால் என்னை அவர்களிடையே கண்டுகொள்ளவில்லை.

புனேயின் ராஸ்தா பேட் பகுதியில் தமிழர் நெடுங்காலமாக வாழ்கின்றனர். அங்கே இட்லிமாவு அரைத்து விற்கும் ஓர் அம்மையார் உண்டு. எங்கள் வீட்டுக்கும் அவரிடமே மாவு. கணவர் மறைந்தபின் அரிசியும் உளுந்தும் தாமே வாங்கி, தாமே அரைத்து, தாமே கணக்கு வைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். ஒருநாள் நான் கைபேசியால் பணம் கொடுக்க முற்பட்டபோது, “வேண்டாம் தம்பி, காசாகக் கொடு, அந்தப் பணமெல்லாம் இப்போது பேரன் கையில் இருக்கிறது” என்றார். ஏன் என்று கேட்டேன். அரிசிக் கடைக்காரருக்கு அவர் ஒருமுறை பணம் அனுப்பினாராம். திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். பணம் போகவில்லை என்று எண்ணி, மறுபடி முதலிலிருந்து அனுப்பினாராம். இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டன. கடைக்காரர் நல்லவர், திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அன்று முதல் கைபேசியைப் பேரனிடம் கொடுத்துவிட்டார். “என் விரலுக்குப் படிப்பில்லை, தம்பி. அரிசிக் கடைக் கணக்கும் என் கையை விட்டுப் போய்விட்டது” என்றார்.

அந்தச் சக்கரத்தைப் போன்ற ஒன்றை வரைந்தவன் நான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வேன்? மறுநாள் அவர் அனுமதி பெற்று அருகில் அமர்ந்தேன். “எனக்கு ஒரு ரூபாய் அனுப்புங்கள், அம்மா. மனத்தில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்” என்றேன். வாய் திறவாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்று உணர்ந்தேன். சக்கரம் சுற்றியது. அதன்கீழ் ஆங்கிலத்தில் ஒரு சொல். அது ‘நிலுவையில் உள்ளது’ என்று பொருள்படும். அம்மையார் தமிழை நன்கு படிப்பார், மராத்தியும் கூட்டிப் படிப்பார், ஆங்கிலம் அறியார். “இது என்னவோ வேலை செய்கிறது, முடிந்ததா, முடியவில்லையா, என்னை மறுபடி அழுத்தச் சொல்கிறதா, ஒன்றும் தெரியவில்லையே” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அச்செயலியில் தமிழும் இருந்தது. ஆனால் மொழியை மாற்றும் இடத்தை அடைய மூன்று திரைகளைக் கடக்க வேண்டும், மூன்றும் ஆங்கிலத்தில்! பூட்டைத் திறக்கும் சாவியைப் பூட்டிய பெட்டிக்குள்ளேயே வைத்ததற்கு ஒப்பாகும் இது.

அரைமணி நேரத்தில் அவர் எனக்குக் கற்பித்தவை பல. முதலாவது, “இது எளிதாக இருக்கிறதா?” என்று யாரையும் கேட்கக் கூடாது. நம் மக்கள் பண்புடையவர்கள். எதிரே இருப்பவர் மனம் நோகாதபடி “நன்றாக இருக்கிறது” என்றே சொல்வார்கள். ஒரு வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லி, விரல் எங்கே நிற்கிறது, கண் எங்கே தேடுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, ஐந்து பேர் போதும் என்பது உண்மையாயினும், எந்த ஐந்து பேர் என்பதே உயிரான கேள்வி. ஹிஞ்ஜவாடியின் ஐவர் ராஸ்தா பேட்டின் ஐவருக்கு ஈடாகார். மூன்றாவது, கருவி வாய் திறந்து பேச வேண்டிய இடத்தில் பேசியே ஆக வேண்டும். இன்று கடைகளில், பணம் வந்து சேர்ந்ததும் தொகையை உரக்கச் சொல்லும் சிறு ஒலிப்பெட்டிகளைக் காண்கிறீர்கள். கொழுந்துவிட்டு எரியும் அடுப்பின்முன் நிற்கும் தோசைக்கடைக்காரர் கைபேசியைத் துடைத்து எடுத்துப் பார்க்க முடியாது. அவருடைய காது மட்டுமே ஓய்வாக இருக்கிறது. அந்தக் காதை நோக்கிப் பேசியதால் அப்பெட்டி வெற்றி பெற்றது.

நான் என் குழுவினரிடம் சென்று, முன்பு எழுதிய வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அது எளிதாக இருக்கவில்லை, கையெழுத்திட்டவன் நானாயிற்றே! பின்னர் மூன்று மாற்றங்களைச் செய்தோம். முதல் திரையிலேயே எல்லா மொழிகளின் பெயர்களும் அவ்வம்மொழி எழுத்திலேயே தோன்றும். சக்கரத்தின் இடத்தில், “பணம் இன்னும் போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்ப வேண்டாம். முடிந்ததும் சொல்கிறோம்” என்னும் வாக்கியம் நிற்கும். அதே ஆளுக்கு அதே தொகையைச் சிறிது நேரத்துக்குள் மீண்டும் அனுப்ப முற்பட்டால், “சற்றுமுன் அனுப்பினீர்கள், இன்னொரு முறையா?” என்று செயலி வினவும். பெரிய அறிவியல் எதுவும் இதில் இல்லை என்பதை நீங்களே காண்கிறீர்கள். அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் உதவிக்கு நின்றால் என்ன சொல்வாரோ அதையே திரை சொல்லும்படி செய்தோம்.

இந்த அறிவுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மனிதர் எங்கே இடறுவர் என்று அறிந்தவன், அந்த இடத்தில் கல்லை அகற்றவும் செய்யலாம். வேண்டுமென்றே கல்லைப் போடவும் செய்யலாம். “இன்னும் இரண்டே இடங்கள்” என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நாம் கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது, சேர்வதற்கு ஒரு தொடுகையும் விலகுவதற்குப் பத்துத் திரைகளும் வைப்பது ஆகியன இத்தகைய சூழ்ச்சிகள். இந்திய அரசின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், இவை போன்ற 13 வகைகளைப் பெயர் சுட்டித் தடை செய்திருக்கின்றன. ஆகவே திறமை மட்டும் போதாது. அத்திறமை யார் பக்கம் நிற்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுள் இளைஞர் சிலர் இத்தொழிலுக்கு வரலாம். அவர்களுக்கு ஒரு சொல்: திரையை வரைவதற்குமுன் தெருவுக்குச் செல்லுங்கள். பார்ப்பதற்கும் வாய்மூடி இருப்பதற்கும் பழகுங்கள். ‘பயிற்சி போதாது’ என்று எழுதக் கை எழும்போது, விமானத்தின் அந்த இரண்டு கைப்பிடிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். மற்றையோருக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு திரைமுன் நீங்கள் திகைத்து நின்றால், உங்கள் வயதையும் படிப்பையும் உடனே குறை கூறாதீர்கள். எந்த இடத்தில், எந்தச் சொல்லால் திகைத்தீர்கள் என்பதைக் குறித்துவைத்து, உரியவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் திகைப்பு எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாடம்.

மாவு விற்கும் அம்மையார் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவருடைய கைபேசியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். சில நாள் கழித்து மாவு வாங்கச் சென்றபோது, அரிசிக் கடைக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “சும்மா இரு, தம்பி, நானே பார்த்துக்கொள்கிறேன்” என்றார். திரையில் எழுதியிருந்ததை மெல்லப் படித்தார், காத்திருந்தார், பணம் போய்ச் சேர்ந்ததும் பழைய நோட்டுப் புத்தகத்தில் தொகையைத் தம் கையால் எழுதிக்கொண்டார். பிறகு எனக்கு மாவை அளந்து ஊற்றினார்.